குறைத்து மதிப்பிடப்பட்ட படங்களும் மிகையாகக் கொண்டாடப்பட்ட படங்களும்: தமிழ் சினிமா ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு படத்தை "அண்டர்ரேட்டட்" என்று எப்போது சொல்லலாம்?

யார் குறைத்து மதிப்பிட்டார்கள், எந்தக் காலத்தில் மதிப்பிட்டார்கள் என்ற இரண்டுக்கும் பதில் சொல்ல முடிந்தால் சொல்லலாம். நம்முடைய வாதங்களில் பாதி வீணாவதற்குக் காரணம், வசூல், விமர்சனம், நினைவு ஆகிய மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான். 1997 பொங்கலுக்கு வந்த "இருவர்" திரையரங்குகளில் ஓடவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் படத்துக்காகப் பிரகாஷ்ராஜ் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதையும், சந்தோஷ் சிவன் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதையும் பெற்றார்கள். இன்றைக்குத் திரைப்படம் பயில வருகிற இளைஞர்கள் முதலில் பார்க்கிற தமிழ்ப் படங்களில் அதுவும் ஒன்று. ஆகவே "இருவர்" வசூலில் தோற்ற படம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அதை யாருமே கண்டுகொள்ளவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விமர்சகர்கள் பாராட்டி மக்கள் பார்க்காத படம், மக்கள் பார்த்து விமர்சகர்கள் ஒதுக்கிய படம், வந்தபோது இருவரும் பாராட்டிப் பிறகு இருவருமே மறந்த படம் என மூன்று வகையும் நம்மிடம் உண்டு. மூன்றாவது வகையைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம் என்பது என் கருத்து.

"அன்பே சிவம்" இன்னும் குறைத்து மதிப்பிடப்பட்ட படம்தானா?

இல்லை. இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம் வருகிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2003 பொங்கலுக்கு "தூள்" போன்ற படங்கள் வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்தபோது "அன்பே சிவம்" வந்து தோற்றது. நகைச்சுவைப் படங்களால் பெயர் பெற்றிருந்த சுந்தர்.சி.யின் இயக்கத்தில், கமல்ஹாசனின் எழுத்தில், மதனின் வசனத்தில் வந்த அந்தப் படத்துக்கு அன்றைய பார்வையாளர்கள் முகம் கொடுக்கவில்லை. அதன் பிறகு நடந்தது வேறு. தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாகி, வீட்டில் உட்கார்ந்து பார்த்த ஒரு தலைமுறையின் மனத்தில் அது ஆழமாகப் பதிந்தது. ஐஎம்டிபி தளத்தின் இந்தியப் படங்களுக்கான பட்டியலில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் தமிழில் இதைவிட அதிகமாகப் பாராட்டப்பட்ட தோல்விப் படம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அப்படியிருக்க, "யாருமே கொண்டாடாத படம்" என்று ஒவ்வொரு பட்டியலிலும் அதை முதலில் எழுதுவது, உண்மையிலேயே யாரும் கொண்டாடாத இன்னொரு படத்தின் இடத்தை எடுத்துக்கொள்வதாகும்.

பாராட்டு நிரம்பக் கிடைத்துவிட்ட படத்தைக் குறைகளோடு சேர்த்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். புவனேசுவரத்து விமான நிலையத்தில் தொடங்கி வெள்ளத்தினூடே நீளும் பயணப் பகுதி, நல்லசிவமும் (கமல்ஹாசன்) அன்பரசுவும் (மாதவன்) ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே நெருங்குகிற விதம், இவையெல்லாம் நம் மொழியில் எழுதப்பட்ட மிகச் சிறந்த திரைக்கதைப் பகுதிகளோடு வைத்துப் பார்க்கத் தக்கவை. இரயில் விபத்தில் சிக்கிய சிறுவனுக்கு அன்பரசு இரத்தம் கொடுத்தும் அவன் பிழைக்காமல் போகிறான். முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக அன்பரசு அழுகிற அந்த மனத்தையே நல்லசிவம் கடவுள் என்று சுட்டுகிற இடத்தில், படத்தின் தலைப்பு எந்தப் பிரசங்கமும் இல்லாமல் தன் பொருளைப் பெற்றுவிடுகிறது. ஆனால் முன்கதைப் பகுதியில் நாசர் ஏற்ற முதலாளி, ஒவ்வொரு கொடுமைக்கும் பின்னால் "தென்னாடுடைய சிவனே போற்றி" என்று சொல்லும் ஒற்றைக் குணத்துக்குள் அடங்கிவிடுகிறார். நல்லசிவத்துக்குக் கிடைத்த மனித முரண்களில் நான்கில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்திருந்தாலும், அந்த மோதல் கொள்கை விளக்கமாகச் சுருங்காமல் இரண்டு மனிதர்களுக்கு இடையிலான மோதலாகியிருக்கும்.

நல்ல படங்கள் தோற்பதற்குப் பண்டிகை நாள் போட்டிதான் காரணமா?

ஓரளவுக்குத்தான். 1991 தீபாவளிக்கு "தளபதி"யும் "குணா"வும் ஒரே நாளில் வந்தன. ஒரு பக்கம் மணிரத்னம், ரஜினிகாந்த், மம்மூட்டி. மறுபக்கம் மனநலம் குன்றிய ஒருவன் தன் அபிராமியைத் தேடி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் மலைக்குப் போகிற கதை. தீபாவளிக் கூட்டம் எதைத் தேர்ந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. 2013 செப்டம்பர் 27 அன்று "ராஜா ராணி"யோடு வெளியான மிஷ்கினின் "ஓநாயும் ஆட்டுக்குட்டியும்" இதே நிலையைச் சந்தித்தது. பாடலே இல்லாத அந்தப் படத்துக்கு விளம்பரச் செலவுக்கு வழியில்லாமல் இயக்குநரே தெருவில் இறங்கிச் சுவரொட்டி ஒட்டினார்.

ஆனால் போட்டியே இல்லாத வாரத்தில் வந்திருந்தால் "குணா" வெள்ளிவிழா கண்டிருக்கும் என்று நான் நம்பவில்லை. நாயகனை நேசிக்கலாமா, அஞ்ச வேண்டுமா என்று இறுதிவரை பார்வையாளரை அலைக்கழிக்கும் படம் அது. பண்டிகை முடிந்த பிறகும் அந்த அலைக்கழிப்பு அப்படியேதான் இருந்திருக்கும். அதைத் திரும்பவும் பெருங்கூட்டத்துக்கு அறிமுகப்படுத்தியது 2024இல் வந்த "மஞ்ஞும்மல் பாய்ஸ்" என்ற மலையாளப் படம். "குணா" எடுக்கப்பட்ட குகையின் பெயரே "குணா குகை" என்று ஆகிவிட்ட ஊரில், "கண்மணி அன்போடு காதலன்" பாடலை ஒரு நட்பின் பாடலாக அவர்கள் மாற்றிக் காட்டியபோது தமிழ்நாட்டுத் திரையரங்குகள் ஆர்ப்பரித்தன. ஆனால் ஆர்ப்பரித்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் "குணா"வை முழுதாகப் பார்த்தார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு படத்தின் பாடல் மீண்டு வருவதும் படம் மீண்டு வருவதும் வேறு வேறு.

1978 தீபாவளிக்கு வந்த "அவள் அப்படித்தான்" கதை இன்னும் சுவையானது. ருத்ரய்யா இயக்கிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் கமலும் ரஜினியும் இருந்தும் முதலில் கூட்டமில்லை. அதைப் பார்த்த வங்க இயக்குநர் மிருணாள் சென்னும், தம்முடைய "சிகப்பு ரோஜாக்கள்" அதே தீபாவளிக்கு ஓடிக்கொண்டிருந்த நிலையிலும் பாரதிராஜாவும் வெளிப்படையாகப் பாராட்டிப் பேசிய பின்னர்தான் மக்கள் திரையரங்குக்கு வரத் தொடங்கினார்கள். போட்டிப் படத்தின் இயக்குநரே பரிந்து பேசிய அந்தப் பெருந்தன்மையை இன்றைய ரசிகர் சண்டைகளுக்கு நடுவே நினைத்துப் பார்க்கிறேன்.

"நாயகன்" ஓவர்ரேட்டட் என்று சொல்கிறார்களே?

இதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. "காட்பாதர்" படத்தின் சாயல் இருக்கிறது என்பது ஒன்று. 2005இல் டைம் இதழ் வெளியிட்ட எக்காலத்துக்குமான 100 படங்களின் பட்டியலில் இடம்பெற்றதால்தான் இந்தப் புகழ் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் நிற்காது; 1987 தீபாவளியிலிருந்தே அது கொண்டாடப்பட்ட படம். முதல் காரணத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அது படத்தின் முழு உண்மையாகாது.

பாலியல் தொழில் நடக்கும் அந்த விடுதிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சரண்யா ஏற்ற நீலா, தன்னிடம் அழைத்து வரப்பட்ட வேலு நாயக்கரிடம், மறுநாள் கணக்குப் பரீட்சை இருப்பதால் தன்னைச் சீக்கிரம் விட்டுவிடும்படி கேட்கிறாள். அழுகை இல்லை, முறையீடு இல்லை. பாடப் புத்தகத்தோடு இருக்கிற ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் கவலை மட்டும் இருக்கிறது. அவன் அவளைத் தொடாமல் படிக்க விடுகிறான். இந்தக் காட்சி எந்த அமெரிக்கப் படத்திலிருந்தும் வந்ததில்லை. பி.சி. ஸ்ரீராமின் ஒளியும் தோட்டா தரணியின் தாராவி அரங்கமும் சேர்ந்து உருவாக்கிய அந்த உலகமும் அப்படித்தான்.

எனக்குள்ள குறை வேறு. இரண்டாம் பாதியில் ஆண்டுகள் மிக விரைவாகப் புரள்கின்றன. மகள் சாருமதி கேட்கிற கேள்விகள்தாம் படத்தின் அறம் சார்ந்த மையம். ஆனால் அவளுடைய தரப்புக்குப் படம் ஒதுக்கிய நேரம் போதாது. இதைச் சொல்வதால் படம் சிறியதாகிவிடாது. "ஓவர்ரேட்டட்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் இந்தக் குறையைக்கூடச் சுட்டுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படியானால் மிகையாகக் கொண்டாடப்பட்டதாக நீங்கள் கருதும் படம் எது?

"ரோஜா". 1992இல் வந்து, இசைக்கும் பாடல் வரிகளுக்கும் தேச ஒருமைப்பாட்டுக்குமான தேசிய விருதுகளைப் பெற்ற படம். ஏ.ஆர். ரஹ்மானின் முதல் படம் என்பதால் அதன் மீது நமக்குள்ள பிரியம் அளவிட முடியாதது. "சின்னச் சின்ன ஆசை" பாடலின் அருவி நீரும் வயல் வெளியும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. இசையையும் ஒளிப்பதிவையும் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு சொல்லைக்கூட நான் குறைக்க மாட்டேன்.

ஆனால் கதை காசுமீருக்குப் போன பிறகு அந்த மண்ணின் மனிதர்கள் படத்தில் எங்கே இருக்கிறார்கள்? படப்பிடிப்பு மணாலியிலும் பிற மலைப் பகுதிகளிலும் நடந்ததற்கு அன்றைய பாதுகாப்புச் சூழலைக் காரணமாகச் சொல்லலாம். திரைக்கதைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ரோஜாவின் கணவன் ரிஷிகுமாரைக் கடத்தியவர்களின் தலைவன் லியாகத், தன் தம்பி எல்லையில் கொல்லப்பட்ட பிறகு மெல்ல மாறி, கடைசியில் அவரை விட்டுவிடுகிறான். ஒரு மனிதனின் நம்பிக்கை முழுவதும் இடிந்து விழும் அந்த மாற்றத்துக்குப் படம் கொடுப்பது சில நிமிடங்களும் சில வசனங்களும்தாம். எரியும் தேசியக் கொடியின் மீது ரிஷிகுமார் பாய்ந்து புரளும் காட்சி திரையரங்கில் மயிர்க்கூச்செறிய வைத்தது. ஆனால் அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையெல்லாம் அந்த உணர்ச்சியே மூடிவிடுகிறது. கிராமத்துப் பெண் ரோஜா அதிகாரிகளிடம் மொழி தெரியாமல் போராடுகிற பகுதி மட்டும் உண்மையானதாக எனக்குப் படுகிறது. படம் முழுவதும் அவளோடு இருந்திருந்தால் நான் இந்தப் பெயரை இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

உடன்படாதவர்கள் ஏராளமாக இருப்பார்கள் என்பது தெரியும். மறுப்பவர்கள் லியாகத்தின் மாற்றம் நம்பத் தகுந்தது என்று காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

"காலத்தை முந்திய படம்" என்பது சரியான பாராட்டா?

சில படங்களுக்குச் சரி. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் ஏவி.எம். தயாரித்த "அந்த நாள்" படத்தில் பாடல், நடனம், சண்டை எதுவும் கிடையாது. 1943இல் சென்னை மீது ஜப்பானியர் குண்டு வீசியதற்கு மறுநாள், வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடப்பதிலிருந்து படம் தொடங்குகிறது; ஒவ்வொருவர் சொல்லும் கதையும் இறந்தவரை வேறொரு மனிதராகக் காட்டுகிறது. "பராசக்தி" வந்து இரண்டே ஆண்டுகளில், தேசத்துக்குத் துரோகம் செய்யும் பாத்திரத்தைச் சிவாஜி கணேசன் ஏற்றார். படம் வசூலில் தோற்றது. தேசிய அளவில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. பாடல்களையே நம்பி மக்கள் படத்துக்குப் போன காலத்தில் அது வேறு ஒரு பார்வையாளரைக் கேட்டு நின்றது என்பது வெளிப்படை.

ஆனால் 2010 பொங்கலுக்கு வந்த "ஆயிரத்தில் ஒருவன்" படத்துக்கு இதே தொடரைப் பயன்படுத்தும்போது எனக்குத் தயக்கம் உண்டாகிறது. அந்தப் படத்தின் இரண்டாம் பாதி ஒரு துணிச்சல். பசியால் உருக்குலைந்த மக்களும், தாய்நிலத்திலிருந்து தூதன் வருவான் என்று தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கும் பார்த்திபனின் சோழ அரசனும், இறுதியில் நவீனத் துப்பாக்கிகளுக்கு முன் அவர்கள் அழிகிற விதமும் தமிழ்த் திரையில் அதற்கு முன் காணாதவை. ஈழப் போர் முடிந்த சில மாதங்களில் அந்த அழிவைத் திரையில் பார்த்தவர்களுக்கு அது பழங்கதையாகத் தோன்றவில்லை. அதே நேரத்தில் முதல் பாதியில் தொனி தடுமாறுகிறது, சில காட்சிகளில் கணினி வரைகலை ஏமாற்றுகிறது, கதையின் தொடர்ச்சி பல இடங்களில் விட்டுப்போகிறது. இவை அன்றும் குறைகள், இன்றும் குறைகள். "காலத்தை முந்தியது" என்று சொன்னதும் குற்றமெல்லாம் பார்த்தவர்கள் தலையில் விழுந்துவிடுகிறது. அன்று படம் பிடிக்காமல் வெளியே வந்தவர்களில் சிலர் சரியான காரணங்களோடுதான் வெளியே வந்தார்கள்.

மதிப்பெண்களையும் ரேட்டிங்கையும் நம்பலாமா?

தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளலாம். ஆனந்த விகடன் விமர்சனத்தில் 1977இல் வந்த "16 வயதினிலே" பெற்ற 62.5 மதிப்பெண்ணை இன்றும் மக்கள் நினைவிலிருந்து சொல்கிறார்கள். அந்த எண்ணுக்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், ஒரே குழு, ஒரே கண்டிப்போடு, வாரந்தோறும் மதிப்பெண் இட்டதுதான். இன்றைய இணைய ரேட்டிங்கில் படம் வெளியான முதல் காட்சி முடிவதற்குள்ளேயே ஒரு பக்கம் பத்துக்குப் பத்தும் மறுபக்கம் பத்துக்கு ஒன்றும் குவிகின்றன. அதை ரசிகர் மன்றங்களின் பலப்பரீட்சை என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

வசூல் கணக்கும் அப்படித்தான். யார் எண்ணினார்கள் என்றே தெரியாத கோடிகளை வைத்துக்கொண்டு ஒரு படத்தின் தரத்தை வாதிட முடியாது.

ரீ-ரிலீஸில் கூட்டம் வந்தால் படம் நல்ல படம் என்று நிரூபணம் ஆகிவிடுமா?

ஆகாது. 2002இல் தோற்ற "பாபா" 2022இல் மீண்டும் திரைக்கு வந்தபோது ரசிகர்கள் திரண்டு போய்க் கொண்டாடினார்கள். அது ஒரு நடிகர் மீதான அன்பின் திருவிழா, அதில் தவறேதும் இல்லை. ஆனால் கொண்டாடிய யாரும் திரைக்கதை திருந்திவிட்டது என்று சொல்லவில்லை.

தேசிய விருது பெற்ற படத்தை எப்படி அண்டர்ரேட்டட் என்று சொல்வது?

விருது ஒரு நாள் செய்தி. படம் பார்க்கப்படுவது வேறு. பாரதியார் நூற்றாண்டான 1982இல் ஹரிஹரன் இயக்கிய "ஏழாவது மனிதன்" சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ரகுவரன் அறிமுகமான படம் அது. எல். வைத்தியநாதன் இசையில் யேசுதாஸ் பாடிய "காக்கைச் சிறகினிலே" இன்றும் வானொலியில் ஒலிக்கிறது. இசை மேடைகளில் பாடப்படுகிறது. அந்தப் பாடல் இடம்பெற்ற படம், ஒரு சிமெண்ட் ஆலை தன்னைச் சுற்றியுள்ள மக்களின் மூச்சைக் கெடுப்பதை எதிர்த்துக் கேள்வி கேட்டது என்பதை அறிந்தவர்கள் எத்தனை பேர்? இதைத்தான் தொடக்கத்தில் மூன்றாவது வகை என்று சொன்னேன்.

ஒரே ஒரு படத்தைப் பார்க்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

"மேற்குத் தொடர்ச்சி மலை". லெனின் பாரதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வெளியானது. விமர்சகர்கள் பாராட்டினார்கள், பெருநகரத் திரையரங்குகளைத் தாண்டி அது போக வேண்டிய தூரம் போகவில்லை.

தேனிப் பக்கத்து மலைப்பாதையில் தலைச்சுமை தூக்கிப் பிழைக்கும் ரங்கசாமிக்குக் கொஞ்சம் நிலம் வாங்க வேண்டும் என்பதுதான் வாழ்க்கையின் ஒரே ஆசை. சிறுகச் சேர்த்த பணத்தை எல்லாம் போட்டு ஏலக்காய் வாங்கி, மூட்டையைத் தானே சுமந்து மலையிலிருந்து இறங்கி வருகிறான். வழியில் மூட்டை நழுவி உருண்டு கிழிந்து, ஏலக்காய் அத்தனையும் சரிவில் சிதறிப்போகிறது. அந்த இடத்தில் படம் நம்மை அழச் சொல்லிக் கேட்பதில்லை. தேனி ஈஸ்வரின் காமிரா எட்ட நின்று பார்க்கிறது. மலை எவ்வளவு பெரியது, மனிதன் எவ்வளவு சிறியவன் என்பது ஒரு வசனமும் இல்லாமல் தெரிகிறது. பின்னர் நிலம் கைக்கு வந்து கைவிட்டும் போகிறது. இறுதியில் தன்னுடையதாக இருந்த அதே நிலத்தில் நின்று சுழலும் காற்றாலைக்கு அவன் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். காமிரா மேலே மேலே எழும்ப, காற்றாலைகள் கூட்டம் கூட்டமாகத் தெரிகின்றன. நில உரிமை, கங்காணி முறை, தொழிற்சங்கத்தின் எழுச்சியும் சரிவும், ஒரு வட்டாரத்தின் பேச்சு மொழி எல்லாமே இந்தப் படத்தில் இருக்கின்றன. இதற்கு மேல் ஒரு படத்திடம் நான் எதையும் கேட்பதில்லை.

விவாதம் ரசிகர் சண்டையாக மாறாமல் இருக்க என்ன செய்யலாம்?

நடிகரின் பெயரை ஒதுக்கிவிட்டு ஒரு காட்சியைச் சொல்லி வாதிடுங்கள். எதிர்த்தரப்பாரும் அந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் பேச்சு தானாகவே படத்துக்குள் நுழைந்துவிடும். பார்க்காத படத்தைப் பற்றி முடிவு சொல்லாதீர்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பார்த்ததாக இருந்தால் மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

பழைய படங்களைப் பற்றிப் பேச அவசரம் என்ன?

பார்க்கக் கிடைப்பவை குறைந்துகொண்டே வருகின்றன என்பதுதான் அவசரம். தமிழின் முதல் பேசும் படமான "காளிதாஸ்" (1931) படத்தின் பிரதி இன்று இல்லை. அது மிகப் பழைய காலம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பாலுமகேந்திராவின் "வீடு" 1988இல் வந்தது. அர்ச்சனாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் அரைகுறை வீட்டைத் தனியாகப் போய்ப் பார்க்கும் முதியவராகச் சொக்கலிங்க பாகவதர், பூசாத சுவரைத் தடவிப் பார்த்து மகிழ்கிற அந்தக் காட்சிக்கு இணையாக இன்னொன்றைச் சொல்லத் தெரியவில்லை எனக்கு. அந்தப் படத்தின் மூல நெகடிவ் அழிந்துபோய்விட்டதைத் தம் கடைசி ஆண்டுகளில் பாலுமகேந்திராவே வேதனையோடு எடுத்துச் சொன்னார். தேசிய விருது பெற்ற படத்துக்கு முப்பது ஆண்டுகூட ஆவதற்குள் இந்த நிலை என்றால், விருது பெறாத, நட்சத்திரம் இல்லாத, பாடலும் நிலைக்காத படங்களின் நிலை என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பழைய திரையரங்கிலோ, படம் எடுத்தவர் குடும்பத்திலோ இப்படிப்பட்ட ஒரு படத்தின் சுருள் இருப்பது தெரிந்தால், புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.